படுவான்கரை யானையும் வாவி முதலையும்



வகுப்பு, வருணம், குடும்பம் என்று விலங்கியல் பாடத்தை மனனம் செய்தவர்கள் நாங்கள். அந்தப் பாடத்தின் இரண்டு உயிர்கள் இன்றும் எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி பேசப்படுகின்றன.

யானை முலையூட்டி. காடும் குளமும் நாடி நடப்பது. ஏறக்குறைய 22 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும். உவர்நீர் முதலை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. நீரோரத்தில் புல்லும் சேறும் குவித்து ஒரு தடவையில் 40 முதல் 60 முட்டை வரை இடும். குஞ்சுகளில் மிகச் சிலவே வளர்ந்து பெரிதாகும்.

உலகச் சிவப்புப் பட்டியலில் ஆசிய யானை 1986 முதல் அழிவை எதிர்நோக்கும் இனம். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. உவர்நீர் முதலையோ ‘கவலை குறைந்த’ இனம். வட அவுஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் வேட்டை தடைசெய்யப்பட்டபின் அது பெருகியது முக்கிய காரணம். அதே முதலை தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. ஆகவே, உலகக் கணக்கு எங்கள் வாவியின் கணக்கு அல்ல. கண்டல் அழிந்தால் இங்கும் அதற்கு இடமில்லை.

பட்டியல் விலங்கின் நிலையைச் சொல்லும். மனிதரின் நிலையைச் சொல்லாது. வட்டையில் இரவு வெள்ளாமைக் காவல் இருப்பவரும், இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிபவரும் வயிற்றுப்பாட்டுக்காகவே அங்கே நிற்கிறார்கள். யானைவெடி கையிலேயே வெடித்தால் விரல்கள் போகும். இருபக்கமும் இழப்புத்தான்.

செய்யக்கூடியவை உண்டு. யானையைக் காட்டுக்குள் அடைக்கும் வேலியைவிட, ஊரையும் வயலையும் சுற்றிய மின்வேலி பயன் தரும். வயல்வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். இறைச்சி, மீன் கழிவுகளை வாவியில் கொட்டுவதை நிறுத்தலாம். முதலை கடித்தால், காயம் சிறிதென்றாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். அதன் வாயிலுள்ள கிருமிகள் காயத்தை விரைவில் சீழ்ப்பிடிக்கச் செய்யும்.

தூர தேசங்களிலிருந்து ஊருக்கு உதவும் சகோதரிகளே, கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுப்பதுபோல், ஒரு கிராமத்தின் வேலிக்கும் ஒரு மீனவரின் தோணிக்கும் கொடுங்கள். நீரில் இறங்காமல் வலை வீச அவருக்கு ஒரு தோணி போதும்.