கையெழுத்துக்குப் பிறகு 41 ஆண்டுகள்

எல்லை பற்றிச் செய்துகொண்ட உடன்படிக்கைகளை நாடுகள் மதிக்கின்றனவா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சில நாடுகள் மதிக்கின்றன. அவுஸூ நிலப்பட்டைக்காகச் சாட் நாட்டோடு போரே நடத்திய லிபியா, 1994 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டு மே மாத முடிவுக்குள் படையை விலக்கிக்கொண்டது. வேறு சில தாமதமாகத்தான் மதிக்கின்றன. பட்மே என்ற சிற்றூர் எரித்ரியாவுக்கே என்று எல்லை ஆணையம் 2002இல் சொன்னது. எத்தியோப்பியா அதை முழுமையாக ஏற்க 2018 ஆயிற்று. ஆப்பிரிக்காவை இத்தோடு விட்டுவிட்டு, என் மனதுக்கு நெருக்கமான ஒன்றுக்கு வந்துவிடுகிறேன். நம் நாட்டுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே இருந்த சிட்மஹால்களின், அதாவது ஒரு நாட்டுக்குள் சிக்கிக்கிடந்த மற்ற நாட்டு நிலத்துண்டுகளின், கதை அது.

நான் சட்டக் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டம் நடத்துகிறேன். எல்லை பற்றிய பாடம் வந்தால் முதலில் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுவேன், அது வங்கதேசம். அதற்குள் ஒரு வட்டம், இந்திய நிலம். அதற்குள் இன்னொன்று, வங்கதேச கிராமம். அதற்கும் உள்ளே ஒரு புள்ளி, மறுபடியும் இந்தியா. அந்தப் புள்ளியின் பெயர் தஹலா கக்ராபாரி. பரப்பு இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதன் சொந்தக்காரராக இருந்தவர் ஒரு வங்கதேச விவசாயி. ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "மேடம், அந்தப் புள்ளியில ஒரு திருட்டு நடந்தா எஃப்.ஐ.ஆர். எங்க போடுறது?"

நேயர்களே, அங்கே வாழ்ந்தவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்தியப் போலீஸ் அங்கே போக வேண்டுமென்றால் வெளிநாட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. வங்கதேசப் போலீசுக்கு அங்கே அதிகாரம் இருக்கவில்லை. ஆக, யாரும் வரவில்லை. இப்படி வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள் இருந்தன. 2011 கணக்கெடுப்பின்படி 51 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். மின்சாரம் இல்லை, ரேஷன் இல்லை, ஓட்டு இல்லை. கூச் பிஹார் மாவட்டத்து மஷால்டாங்காவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பக்கத்து இந்தியக் கிராமத்தில் யாரையாவது கெஞ்சி, அவர் பெயரைத் தகப்பன் பெயராக எழுதுவார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண் கணவன் பெயரை மாற்றிச் சொல்வாள். பெற்ற தகப்பன் உயிரோடு வீட்டில் இருப்பார். அவர் பெயர் எந்தச் சான்றிதழிலும் இருக்காது.

கூச் பிஹார் மகாராஜாவும் ரங்பூர் நவாபும் சதுரங்கத்தில் கிராமங்களைப் பணயம் வைத்ததால் வந்த வினை என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் இது 1713இல் மொகலாயரும் கூச் பிஹார் அரசும் செய்துகொண்ட சமாதானத்திலிருந்து வந்தது. 1947இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ராட்கிளிஃப் எல்லைக் கோடு போட்டார். 1949இல் கூச் பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றவருக்கு என்று தங்கிப்போன அந்தப் பழைய நிலத்துண்டுகள் இரண்டு நாடுகளின் துண்டுகளாகிவிட்டன.

இதைத் தீர்க்க முதலில் கையெழுத்திட்டவர்கள் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும், 1958 செப்டம்பரில். துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது, பேருபாரி என்ற பகுதியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். மேற்கு வங்கம் கொந்தளித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1960இல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: பிரதமர் கையெழுத்துப் போட்டால் போதாது, இந்திய நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. பேருபாரி என்ற பெயரைக் கச்சத்தீவு வழக்கிலும் நீங்கள் கேட்டிருக்கலாம். 2008இல் தாக்கலான மனு இதைத்தான் ஆதாரமாகக் காட்டியது. கச்சத்தீவு விஷயத்தில் நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை, அதனால் திருத்தம் தேவைப்படவில்லை என்பது மத்திய அரசின் பதில்.

பேருபாரிக்கான திருத்தம் வந்தது, ஆனால் நிலம் கைமாறவில்லை. வழக்குகள், போர், பிறகு வங்கதேசம் என்ற புது நாடு. 1974 மே 16இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் புதிய உடன்படிக்கை செய்தார்கள். தெற்கு பேருபாரி நமக்கே. பதிலுக்குத் தீன் பிகா என்ற சிறு வழித்தடம் அவர்களுக்கு நிரந்தரக் குத்தகை. வங்கதேசம் அந்த ஆண்டே தன் அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டது. நாம் திருத்தவில்லை.

தீன் பிகாவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீளம் 178 மீட்டர், அகலம் 85 மீட்டர். இந்தியச் சாலையும் வங்கதேசத்தார் போகும் சாலையும் நடுவில் குறுக்கே வெட்டுகின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கை காட்டி நம் பேருந்தை நிறுத்தினார்; அந்த வழியை நம்பியிருக்கும் வங்கதேசத் துண்டான தஹக்ராம் பக்கமிருந்து ஒரு பெரியவர் மூட்டையோடு சைக்கிள் வண்டியை மிதித்துப் போனார். அவர் போவதற்குள் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிட வழியைத் திறக்க 1992 ஜூன் 26 வரை ஆயிற்று. திறந்தபோதும் பகலில்தான், அதுவும் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 24 மணி நேரமும் திறந்தது 2011இல்.

நாம் தயங்கியதன் காரணம் கணக்கில் இருக்கிறது. பரிமாற்றத்தில் நாம் கொடுப்பது 17,160 ஏக்கர், பெறுவது 7,110. பத்தாயிரம் ஏக்கரைத் தாரை வார்ப்பதா என்று மேடையில் முழங்குவது எளிது. அந்த நிலத்தில் ஒரு தபால்காரரைக்கூட நம்மால் அனுப்ப முடியவில்லை என்பதை விளக்குவதுதான் கடினம். 2013இல் இதற்கான திருத்த மசோதா வந்தபோது பா.ஜ.க., திரிணமூல் காங்கிரஸ், அசாம் கண பரிஷத் எல்லாமே எதிர்த்தன. 2015 மே மாதம் ஆட்சியில் இருந்த அதே பா.ஜ.க. கொண்டுவந்த நூறாவது திருத்தத்துக்கு இரு அவைகளிலும் ஓர் எதிர் ஓட்டுகூட விழவில்லை. நம் நாடாளுமன்றத்தின் பெருமைக்குரிய நாட்களில் ஒன்றாக அதை நான் நினைக்கிறேன்.

ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. மஷால்டாங்காவில் 68 மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், 1947இலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக. இந்தியப் பக்கத்துத் துண்டுகளில் இருந்தவர்களில் ஒருவர்கூட வங்கதேசம் போகவில்லை; எல்லாரும் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் இங்கே வந்தார்கள்.

நேரம் முடிகிறது என்று ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தச் சட்டம் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 62ஆம் பிரிவின்படி, சூழ்நிலை மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. ஆனால் எத்தனை ஆண்டுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வங்கதேசப் பக்கத்துத் துண்டுகளிலிருந்து இங்கே வந்த குடும்பங்கள் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களில் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. இனி எழுதப்படும் எல்லை ஒப்பந்தங்களில் நிலப்பரிமாற்றத்தோடு வீட்டுப் பட்டாவுக்கும் ஒரு தேதி குறிக்கப்பட வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் சட்ட மாணவர்களே, அந்த வரைவை நீங்கள் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.