டஸ்கீகீ விமானத் தளம்

வானத்திலும் நிறபேதம் உண்டோ என நாம் வினவலாம். அமெரிக்க ராணுவத்தில் 1941 வரை கறுப்பினத்தவர் விமானியாக இயலாது. அவ்வாண்டு ஜூலையில் அலபாமா மாநிலத்து டஸ்கீகீயில் 13 பேர் பயிற்சி தொடங்கினர். மோட்டன் விமானத் திடலில் தொடக்கப் பாடம். அருகிலிருந்த ராணுவத் தளத்தில் மேற்பயிற்சி. 1942 மார்ச்சில் தேறியவர் ஐவரே. அவருள் ஒருவரான பெஞ்சமின் டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்காண்டுகள் சக மாணவர் பேசாதொதுக்கிய தனிமையைப் பொறுத்தவர்.

1946-க்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானிகள் அங்கே உருவாயினர். 60-க்கும் மேற்பட்டோர் போரில் மாண்டனர். மீண்டவரைத் தாயகத்தில் எதிர்கொண்டது பழைய நிறபேதமே. ராணுவத்தில் அதனை ஒழிக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது.

திறமையை மெய்ப்பிக்க அவர்கள் உயிரையே பணயம் வைத்தனர். சமத்துவம் பேசும் நாம், எளியோரிடம் இத்தகைய விலை கேளாதிருக்கிறோமா?