கண்ணாடியும் கமராவும்

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. மோட்டார் வாகனத்தின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் பொருத்தப்பட்டிருக்கும் கண்ணாடியையும், அதன் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் கமராவையும் பற்றியது அது. பொருள் சிறிதாயினும் அதிலே உயிர் தங்கியிருக்கிறது. ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

2011ஆம் ஆண்டு நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டதோடு, எம் நாட்டுச் சாரதிகளுக்கு ஒரு புதிய பாடம் வந்து சேர்ந்தது. வெண்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஓர் ஒழுங்கையில் இருந்து அடுத்த ஒழுங்கைக்கு, ஓடுகின்ற வேகத்திலேயே மாறுவது எப்படி என்பதே அப்பாடம். அங்கே மணிக்கு 100 கிலோமீற்றர் வரை செல்லலாம். அவ்வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறோம். நாம் 70இல் சென்றுகொண்டு வலப்பக்க ஒழுங்கைக்கு மாற முனைகையில், அங்கே பின்னால் ஒரு வாகனம் 100இல் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். மாறி முடிப்பதற்கு மூன்று விநாடி சென்றால், அதற்குள் அது எம்மை 25 மீற்றர் நெருங்கிவிடும். ஆகவே, "பின்னால் வாகனம் உண்டா?" என்ற கேள்வி மட்டும் போதாது. "எவ்வளவு தூரத்தில்? எவ்வளவு வேகத்தில்?" என்பனவும் உடன் எழவேண்டும்.

பின்னால் பார்க்கும் வழியை மனிதன் படிப்படியாகவே கண்டான். ஆதியில் பந்தயக் கார்களில் சாரதிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளர் அமர்ந்து, பின்னால் வருவோரைப் பார்த்துச் சொல்லுவார். 1909இல் டோரதி லெவிற் என்ற ஆங்கிலப் பெண்மணி, கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்திருந்தால் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று தமது நூலில் எழுதினார். 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹரூன் என்பவர் உதவியாளர் இன்றித் தனியே ஓட்டி, காரில் பொருத்திய கண்ணாடியின் துணையோடு வென்றார். உதவியாளரின் வேலையைக் கண்ணாடி ஏற்றது. இப்பொழுது கண்ணாடியின் வேலையைக் கமரா கேட்கிறது.

வாகனத்துக்கு வெளியேயுள்ள கண்ணாடிகளை அகற்றிக் கமராவை வைப்பதற்கு 2016இல் யப்பான் அனுமதி வழங்கியது. 2018 ஒக்டோபரில் லெக்சஸ் நிறுவனம் அவ்வாறான காரை அங்கே விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவிலோ கண்ணாடி இருந்தேயாக வேண்டும். கமரா அதற்குத் துணையாக மட்டும் வரலாம்.

கமராவின் நன்மைகளை மறைப்பது நேர்மையன்று. பக்கக் கண்ணாடி காட்டாமல் விடும் ஓரிடம் உண்டு. எம் தோளுக்குச் சற்றுப் பின்னே, அடுத்த ஒழுங்கையில் ஒரு கார் முழுவதும் மறைந்து நிற்கக்கூடிய மறைவிடம் அது. அகன்ற பார்வையுள்ள கமரா அவ்விடத்தையும் காட்டிவிடுகிறது. இருளில் ஒளியைக் கூட்டித் தருகிறது. பின்வரும் வாகனத்தின் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதையும் குறைக்கிறது.

இனி அதன் குறையைப் பார்ப்போம். திரையில் தெரிவது ஒரு தட்டைப் படம். தலையை எவ்வளவு அசைத்தாலும் அக்காட்சி மாறாது. கண்ணாடியிலோ, சற்று முன்னே சாய்ந்தால் முன்பு தெரியாத இடமும் தெரியவரும். தூரத்து வீதியில் நிலைத்த கண் கைக்கெட்டும் திரைக்குத் தாவி, மீண்டும் தூரத்துக்குத் திரும்பவேண்டும். இளைஞர்களுக்கு இது பெரிதன்று. நாற்பத்தைந்தைக் கடந்த பெரியோர்கள், கிட்டப் பார்வைக்கு மூக்குக்கண்ணாடி தேடும் தங்கள் கண்களைக் கேட்டால் உண்மை தெரியும். மேலும், கமராவின் வில்லையில் ஒரு துளி சேறு பட்டால் காட்சியே கெட்டுவிடும்.

எமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஒருமுறை நண்பர் சிலர் காலிக்குச் சென்றோம். சமிக்ஞை விளக்கைப் போட்டவுடன் பக்கக் கமராவின் காட்சி சாரதியின் முன்னே தோன்றும் கார் அது. முன்னால் ஒரு லொறி. எம்மில் ஓட்டியவர் சமிக்ஞை போட்டார், திரையைப் பார்த்தார், ஒரு வான் சிறிதாகத் தெரிந்தது, தூரத்தில்தான் என்று எண்ணிச் சுக்கானைத் திருப்பினார். அப்பொழுது பின் ஆசனத்திலிருந்த முதியவர் யன்னலால் திரும்பிப் பார்த்து, "தம்பி, பொறும்! வான் கிட்ட வந்திட்டுது!" என்று கத்தினார். கார் ஒழுங்கைக்குள் மீண்டது. வான் ஒலியெழுப்பிக்கொண்டு பறந்து சென்றது. சில கிலோமீற்றர் தூரம் காருக்குள் ஒருவரும் பேசவில்லை.

கமரா பொய் சொல்லவில்லை, வானைக் காட்டியது. தூரத்தைத்தான் நாம் தவறாக வாசித்தோம். வேறொரு பிழையும் செய்தோம். சமிக்ஞை என்பது பிறருக்கு நாம் கொடுக்கும் அறிவிப்பு. அதைக் கமராவைத் திறக்கும் சாவியாகவே பயன்படுத்தினோம். பார்த்த பின் அறிவிக்க வேண்டியவர்கள், அறிவித்த பின் பார்த்தோம்.

இதனால் கண்ணாடியே போதும் என்று சொல்லவும் நாம் வரவில்லை. எம் நாட்டில் ஓடும் யப்பானிய வாகனங்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்தவை. அகலமாகக் காட்டும், ஆனால் உள்ளதைச் சிறிதாக்கித் தூரத்தில் இருப்பதுபோல மயக்கும். உள்ளே நடுவிலிருக்கும் கண்ணாடியோ தட்டையானது. தூரத்தை மெய்யாகக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுதல் நன்று.

கண்ணாடியைச் சரியாக வைப்பதும் ஒரு கலை. 1995இல் ஜோர்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு முறையை விளக்கினார். வாகனம் நிற்கும்பொழுது தலையை வலப்பக்க யன்னலோடு சாய்த்து, சொந்த வாகனத்தின் ஓரம் மட்டுமட்டாகத் தெரியும்படி வலக் கண்ணாடியை வெளிப்புறமாகத் திருப்புக. பின்பு தலையை வாகனத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, இடக் கண்ணாடியையும் அவ்வாறே திருப்புக. நிமிர்ந்து இருந்தால் சொந்த வாகனம் தெரியாது. அதற்குப் பதிலாக மறைவிடத்தின் பெரும்பகுதி தெரியும். செலவோ ஒரு சதமும் இல்லை.

ஆகவே, நண்பர்களே, ஒழுங்கை மாறுமுன் உட்கண்ணாடியைப் பாருங்கள். பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். இடமுண்டென்று கண்டபின் சமிக்ஞை போடுங்கள். கமரா இருந்தால் அதையும் ஒரு கணம் கேளுங்கள். பின்பு கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலால் ஒருமுறை நோக்குங்கள். ஐயமிருந்தால் மாறாதீர்கள். லொறிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் செல்வதால் ஒருவருடைய மானமும் போய்விடாது.

கருவிகள் இன்னும் வரும்; வரட்டும், வரவேற்போம். ஆனால் அன்று எம்மைக் காத்தது கண்ணாடியுமன்று, கமராவுமன்று. திரும்பிப் பார்த்த ஒரு முதியவரின் கழுத்து. எங்களோடு பயணம் செய்வோரும், பக்கத்து ஒழுங்கையில் வருவோரும் வீடு போய்ச் சேரவேண்டியவர்கள் என்ற நினைவோடு சுக்கானைப் பிடிப்போமாக.