மீன் தொட்டியும் அமானிதமே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில், மதரஸாவின் பின்புறம் நாம் அமைத்திருந்த மீன் தொட்டியில் அறுபது மீன்கள் இறந்துபோயின. வரவு செலவு அறிக்கையில் அது ஒரு சிறு தொகைதான். ஆயினும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

அக்வாபோனிக்ஸ் எனப்படும் இம்முறையை முதலில் விளக்கிவிடுவோம். மீனின் கழிவு நீரில் அம்மோனியாவாக மாறுகிறது. அது மீனுக்கே நஞ்சு. அல்லாஹ் படைத்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டைக் கீரையின் வேர்கள் உரமாக உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த நீர் மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. ஆவியாவதையும் செடி குடிப்பதையும் ஈடுசெய்தால் போதும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்திருந்த நமக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பள்ளிவாசல்களின் ஹவுளில் மீன்கள் நீந்துவதைச் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். அங்கே நீர் மிகுதி, மீன் குறைவு. நாம் மறந்தாலும் அவை பிழைத்துக்கொண்டன. இங்கோ சிறு தொட்டியில் அறுபது உயிர்கள். மோட்டார் நின்றால் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறும்.

நடந்தது இதுதான். பெருநாளுக்கு ஊர் செல்லும் அவசரத்தில், மூன்று நாள் தீவனத்தை ஒரு சகோதரர் ஒரே வேளையில் கொட்டிவிட்டார். அவருடைய நிய்யத் நல்லதே. ஆனால் மூன்று நாள் பட்டினியை மீன் தாங்கும். அழுகிய தீவனத்தைத் தாங்காது. அன்றிரவே மின்சாரம் தடைப்பட்டு மோட்டாரும் நின்றது. எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை, நாமும் இல்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை மிம்பரில் எத்தனையோ முறை எடுத்துரைத்த நமக்கு, அந்தத் தொட்டியருகே நிற்கவே வெட்கமாயிருந்தது.

சல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட 300 பேரீச்ச மரங்களை நட்டுத் தரவேண்டும், 40 ஊக்கியா பொன்னும் தரவேண்டும் என்பது நிபந்தனை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் உதவி கோரினார்கள். ஒருவர் முப்பது கன்று, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து என அவரவர் சக்திக்கேற்பக் கொண்டுவந்தனர். தோழர்கள் துணைநிற்கக் குழிகள் தோண்டப்பட்டன. நபியவர்கள் தம் திருக்கரங்களாலேயே கன்றுகளை நட்டார்கள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என முஸ்னத் அஹ்மதில் வருகிறது. பத்துக் கன்று கொண்டுவந்தவரை எவரும் குறைவாக எண்ணவில்லை.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வில் ஆலன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர் 1993-இல் தொடங்கிய 'குரோயிங் பவர்' பண்ணையில், தன்னார்வலர்களும் இளைஞர்களும் சேர்ந்து ஜிலேபிக் கெண்டையும் கீரையும் வளர்த்தனர். உலகமே வியந்த அந்நிறுவனமும் பணநெருக்கடியால் 2017-இல் மூடப்பட்டது. கணக்கையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். பொருளாளர் புன்னகைப்பது தெரிகிறது.

நமக்கு இப்போது பணத்தைவிட ஆட்களே தேவை. ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் பத்து நிமிடம். வாரத்திற்குப் பதினான்கு முறைகள், ஆகவே பதினான்கு பேர். பெருநாளன்று யார் என்பதை முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும். தீவனம் மீன்கள் உடனே தின்று தீர்க்கும் அளவே. குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும். மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இணைப்புத் தருவதாக ஒரு சகோதரர் ஒப்புக்கொண்டுள்ளார், அல்ஹம்துலில்லாஹ்.

நுண்ணுயிர்கள் பெருக ஒரு மாதத்திற்கு மேல் ஆகலாம். அதுவரை பெருமளவில் மீன் விடப்போவதில்லை. வரும் ஜும்ஆவிற்குப் பின் முஅத்தின் அவர்களிடம் பதிவேடு இருக்கும். முதல் பெயராக நம் பெயரை எழுதிவிட்டோம்: திங்கட்கிழமை, ஃபஜ்ருக்குப் பின். மீதம் பதின்மூன்று இடங்கள் உள்ளன.

வஸ்ஸலாம்.