பிள்ளைக்குச் சொல் கொடுமின்!

(திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தனித்தமிழ் இயக்கம் பிறந்த இடம் யாது? மாநாட்டு மேடையன்று, அரசு மன்றமும் அன்று. ஒரு தந்தை தம் மகளொடு பாட்டொன்றைப் படித்துப் பொருள் பேசிய இடமே அது. 1916ஆம் ஆண்டு, இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லாத பல்லாவரத்தில், மறைமலையடிகளும் அவர்தம் மகளார் நீலாம்பிகையும் வள்ளலார் பாட்டொன்றைப் பற்றி உரையாடினர். அப்பாட்டில் வந்த ‘தேகம்’ என்னும் வடசொல்லின் இடத்தே ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நிற்குமாயின் இனிமை மிகும் என்றார் அடிகள். பள்ளிப் பருவத்துச் சிறுமியின் உள்ளத்தில் அவ்வொரு சொல் வேரூன்றியது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னாளில் நீலாம்பிகையார் வடசொல் தமிழ் அகரவரிசை தொகுத்தளித்தார். பிள்ளையொன்று ஒரு சொல்லின் பொருளைக் கேட்டறிந்ததே இப்பேரியக்கத்தின் முளை.

அவ்வியக்கத்தின் வழிவந்தோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெயர்ப்பலகைக்கும் ஆட்சிமொழிக்கும் வழிபாட்டு மொழிக்கும் போராடி வந்துள்ளனர். அப்போராட்டங்கள் வேண்டியனவே. ஆயின், பலகையில் தமிழ் எழுதப்பெற்ற பின்னர் அதனைப் படித்துப் பொருளுணரும் பிள்ளை வேண்டுமே! அப்பிள்ளைக்குச் சொல் கொடுப்பார் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஏரிநாடு ஆலைநாடானது

காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகள் ஏரிகள் மலிந்த நாடு. செம்பரம்பாக்கம் ஏரி, திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி என நீர்நிலைகள் நிரம்பிய நிலம் இது. மதகு, மடை, கலங்கல், வாய்க்கால், வரப்பு, கழனி, களம், நாற்றங்கால் என்னும் சொற்களை இந்நிலத்துப் பிள்ளைக்கு எவரும் உட்கார்த்தி வைத்துக் கற்பிக்கவில்லை. அது பாட்டனின் கைப்பற்றிக் கரைமேல் நடந்தது, கற்றது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஊண்டாய் மகிழுந்து ஆலை உருவாக்கத்தைத் தொடங்கியது. 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. வண்டலூர் – வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – திருப்பெரும்புதூர் சாலையும் கூடும் ஒரகடத்தில் 2010இல் இரெனோ-நிசான் மகிழுந்து ஆலையும், 2012இல் தைம்லர் சரக்குந்து ஆலையும் எழுந்தன. ஆலை வந்ததைப் பழித்துப் பயனில்லை. பல வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான்.

ஆனால், தந்தை இரவுமுறைப் பணி முடிந்து வந்து உறங்கும் வேளையில் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. பிள்ளை திரும்பும் வேளையில் தாய் ஆலைப்பேருந்துக்கு நிற்கிறாள். பாட்டியோ எங்கோ தொலைவில் உள்ள சொந்த ஊரில். பேச ஆளில்லாத வீட்டில் கைப்பேசியே பேசுகிறது. கழனி மனையானது, கழனியொடு கழனிச் சொற்களும் பிள்ளையின் காதுக்கு எட்டாமற் போயின. அவற்றின் இடத்தை நிரப்பப் புதிய தமிழ்ச்சொற்களும் வந்து சேரவில்லை. ஆலைக்குள் வழங்குவன பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். அவையே வீட்டுக்கும் வருகின்றன.

ஒலித்தல் வேறு, உணர்தல் வேறு

‘மதகு திறந்தது, கழனி நனைந்தது’ என்னும் தொடரை மூன்றாம் வகுப்புப் பிள்ளை பிழையின்றிப் படிக்கக்கூடும். ‘எது திறந்தது?’ என்று வினவினால் ‘மதகு’ என்று விடையும் கூறும். கேட்டவர் மகிழ்ந்து போவார். ஆயின், ‘மொழகு திறந்தது’ என்று பொருளே இல்லாத ஒன்றை எழுதிக் காட்டி ‘எது திறந்தது?’ என்று வினவினும், அப்பிள்ளை ‘மொழகு’ என்றே விடை கூறும்! சொல்லின் இடத்தைக் கண்டு எடுத்துக் கொடுப்பதற்குப் பொருளறிவு வேண்டியதில்லை. தேர்வில் மதிப்பெண் வாங்கும் பிள்ளையும் படிக்கத் தெரியாத பிள்ளையாக இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

1986இல் கஃபு, தன்மர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. காதாற் கேட்ட மொழியைப் பொருளுணரும் திறன் மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கமே படித்துணரும் திறன் என்பது அவர்தம் கோட்பாடு. பெருக்கலில் ஒன்று சுழியாயின் விளைவும் சுழியே. ஆகலின், எழுத்தறிவித்தலோடு நின்றுவிடும் பள்ளியும் பிள்ளையொடு பேசாத வீடும் சேர்ந்து தருவது சுழியே.

ஆங்கிலவழிப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்க விரையும் பெற்றோர் இக்கணக்கைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். காதாற் கேட்டுப் பொருளுணரும் திறன் பிள்ளைக்கு எம்மொழியில் உளதோ, அம்மொழியிலேதான் படிப்பு முதலில் வேர்பிடிக்கும். 2006இல் இயற்றப்பெற்ற தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. சட்டம் பாடவேளையைத் தரும். வீட்டுப் பேச்சைத் தர இயலாது.

தமிழ்ப் படிப்பின் தடைகள்

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் படிப்பில் எழும் தடைகளை அறியாமல் பயிற்றுதல் நோயறியாமல் மருந்து தருதல் போன்றது.

முதலாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. பிள்ளை ‘காத்து’ என்று பேசும். பாடநூல் ‘காற்று’ என்னும். அது ‘கண்ணுக்குட்டி’ என்னும். நூல் ‘கன்றுக்குட்டி’ என்னும். அது ‘அஞ்சு’ என்னும். நூல் ‘ஐந்து’ என்னும். பிள்ளையின் பேச்சைக் கொச்சை என்று இழித்தால் அது வாயை மூடிக்கொள்ளும். ‘நீ காத்து என்கிறாயே, அதுதான் இந்தக் காற்று; சேத்து என்கிறாயே, அதுதான் இந்தச் சேற்று; இனி ஆத்துநீர் என்பதை நூலில் எப்படி எழுதியிருப்பார்கள், சொல்’ என்று கேட்டால், ‘ஆற்றுநீர்’ என்று அதுவே சொல்லிவிடும். ஒரு சொல்லின் கதவைத் திறந்தால் ஒரு வரிசையே திறக்கும்.

இரண்டாவது, புணர்ச்சி. ‘தொழில்’ என்பதைப் பிள்ளை அறியும். ‘சாலை’ என்பதையும் அறியும். இரண்டும் கூடித் ‘தொழிற்சாலை’ ஆகும்போது, ‘தொழிற்’ என்பது எச்சொல் எனத் திகைக்கும். கல்லும் சிலையும் கற்சிலை. பொன்னும் குடமும் பொற்குடம். மண்ணும் குடமும் மட்குடம். நன்னூல் நூற்பாவை இவ்வகவையில் ஓதுவிக்க வேண்டா. நீண்ட சொல்லைக் கண்டால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றே போதும்.

மூன்றாவது, பொருள் கண்முன் இல்லாமை. மதகைக் காணாத பிள்ளைக்கு ‘நீர் வெளியேறும் வழி’ என்று எழுதிக் கொடுப்பதால் மதகு விளங்காது. ஒரகடத்திலும் பெரும்புதூரிலும் ஏரிக்கரை இன்றும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, நீர்ப்பக்கம் இறங்காமல் கரைமேல் நடந்து வருதல் பத்துப் பாடத்துக்கு ஒப்பாகும்.

முன்னோர் கண்ட வழி

சொல் பயிற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் மண்டல புருடரின் சூடாமணியும் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்து வைத்த நிகண்டுகள். திவாகரமும் சூடாமணியும் பன்னிரண்டு தொகுதிகள் உடையன. மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என உலகையே அறை அறையாகப் பகுத்துச் சொற்களை அடுக்கின. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறும். திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தனர். பொருளுணராமல் ஒப்பித்தல் அன்றும் ஒரு குறையாகவே இருந்தது. குறையைத் தள்ளி முறையைக் கொள்ளுதல் அறிவுடைமை.

‘படி’ என்னும் ஒரு சொல்லைக் கொள்க. நூலைப் படி, மாடிக்கு ஏறும் படி, அரிசி அளக்கும் படி, எழுத்தின் நகலாகிய படி, தந்தைக்கு ஆலையில் தரப்பெறும் பயணப்படி. ஐந்து பொருளுக்கும் ஐந்து தொடர்களைப் பிள்ளையே அமைக்கட்டும். ‘நட’ என்பதிலிருந்து நடை, நடத்தை, நடப்பு, நடமாட்டம் என ஒரு சொற்குடும்பத்தையே எழுப்பலாம். தேவநேயப் பாவாணர் வாழ்நாளெல்லாம் காட்டிய வேர்ச்சொல் நெறி, பேரறிஞர் ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. எட்டு அகவைப் பிள்ளையின் விளையாட்டுக்கும் உரியது.

ஊர்ப்பெயர்களும் பாடமே. இருங்காட்டுக்கோட்டையில் ‘இரும்’ என்பது பெரிய என்று பொருள்படும். பெருங்காட்டை ஒட்டிய கோட்டை. பெரும்புதூர் என்பது பெரிய புதிய ஊர். பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், செம்பரம்பாக்கம் என வரும் ‘பாக்கம்’ ஊரைக் குறிக்கும். பேருந்துப் பலகையே பிள்ளைக்குப் பாடநூலாகும்.

பிள்ளையைப் பிள்ளையே பயிற்றும் முறையும் இம்மண்ணிற்கு உரியது. சென்னை எழும்பூரில் ஆண் ஏதிலியர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்டுரூ பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளிக்குக் கொணர்ந்தார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஐந்தாம் வகுப்பு அக்கை இரண்டாம் வகுப்புத் தம்பியின் படிப்பைக் கேட்டல் இருவரையும் வளர்க்கும்.

படித்ததை உணர்த்தும் வினாக்கள்

சிறு பகுதி ஒன்றைக் காண்க:

“இரவெல்லாம் மழை கொட்டியது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. காலையில் பொன்னி பள்ளிக்குப் புறப்பட்டாள். தெருமுனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ‘பையை என்னிடம் கொடு’ என்றான் அண்ணன்.”

‘மழை எப்போது பெய்தது?’ என்பது முதல்வகை வினா. விடை வரியிலேயே உளது. ‘பொன்னி ஏன் செருப்பைக் கழற்றினாள்?’ என்பது இரண்டாம் வகை. விடை எவ்வரியிலும் இல்லை. கலங்கல் என்பது ஏரியின் மிகுநீர் வழியும் இடம் என அறிந்த பிள்ளையே, அந்நீர் தெருவுக்கு வந்ததை உய்த்துணரும். ‘அண்ணன் எப்படிப்பட்டவன்? நீயாயின் என்ன செய்திருப்பாய்?’ என்பது மூன்றாம் வகை. பிள்ளை தன் உள்ளத்திலிருந்து பேசும். பள்ளித் தேர்வுகள் பெரும்பாலும் முதல்வகையோடு நின்றுவிடுகின்றன. வீட்டிலும் மாலை வகுப்பிலும் பிற இருவகையையும் மிகுதியாகக் கேட்டல் வேண்டும்.

அறியாத சொல் வந்தால் உடனே பொருள் கூறிவிடலாகாது. முன்னும் பின்னும் உள்ள தொடர்களைக் கொண்டு ‘இது என்னவாக இருக்கும்?’ என்று ஊகிக்க விடுக. பின்னர்ப் பொருளைக் கூறுக. அச்சொல்லைப் பிள்ளை தன் தொடரில் அமைக்கட்டும். மறுநாளும் அடுத்த கிழமையும் அச்சொல் மீண்டும் அதன்முன் வருதல் வேண்டும். ஒருமுறை கேட்ட சொல் விருந்தாளி. பன்முறை வந்த சொல்லே வீட்டாள்.

வந்தேறிய உழைப்பாளர் பிள்ளைகள்

இவ்வட்டாரப் பள்ளிகளில் ஒடியம், வங்காளம், இந்தி பேசும் உழைப்பாளர் பிள்ளைகளும் பயில்கின்றனர். இந்தித் திணிப்பை எதிர்த்தல் வேறு. இந்தி பேசும் சிறுமியை வெறுத்தல் வேறு. தன் தாய்மொழியைப் போற்றுவோன் பிறர் தாய்மொழியை இழிக்கான். அச்சிறுமிக்கு ‘நீர்’ என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது, ‘உன் வீட்டில் இதனை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்பது அவளைத் தமிழுக்கு அணுக்கமாக்கும். ஏளனம் செய்தால் தமிழ் அவளுக்குச் சுமையாகும். அன்போடு கற்பித்தால் உறவாகும்.

இனிச் செய்யத்தக்கது

கொள்ளைநோயால் 2020 மார்ச்சுத் திங்களில் மூடப்பெற்ற தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. அவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பகுதியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பெற்றது. எட்டு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும் என்னும் நோக்கில் 2022 சூன் 13 அன்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அவற்றுள் முன்னது காட்டிய உண்மை ஒன்றுண்டு: அத்தெருவிலேயே வாழும் ஒருவர் மாலையில் ஒரு திண்ணையில் அமர்ந்தால் வகுப்பு உருவாகிவிடும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

ஆகவே, இங்குக் கூடியிருப்போர் செய்யத்தக்கது எளிது. கிழமைக்கு இரு மாலை, அரைமணி நேரம், ஐந்து பிள்ளைகள். மாலையொன்றுக்கு 3 சொற்கள் கொடுத்தால் ஓராண்டில் ஏறத்தாழ 312 சொற்கள். முறைப்பணி செய்யும் தந்தைக்கு அரைமணியும் இல்லையாயின், உணவுண்ணும் வேளையில் ஒரு சொல்லாவது பேசட்டும். எழுத்தறியாத தாயும் ‘இன்று படித்த கதையை எனக்குச் சொல்’ என்று கேட்கலாம். கதையைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை பொருளுணர்ந்து படித்த பிள்ளை. அதனை அறிய எழுத்தறிவு வேண்டா. செவி கொடுத்தால் போதும்.

தமிழுக்கு உயிர் கொடுப்போம் என்று முழங்குவோர் பலர். தமிழ் கேட்பது அவ்வளவு பெரிய கொடையன்று. மாலையில் அரைமணி நேரம் கேட்கிறது. அதனைக் கொடுமின்! பிள்ளைக்குச் சொல் கொடுமின்!

வாழ்க தமிழ்!