பியானோவில் ஒரு தென்பாண்டி மெட்டு

நேயர்கள் அனைவரும் அறிந்த ஒரு மெட்டைப் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகிறோம். 1987-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்தில் இடம்பெற்ற 'தென்பாண்டிச் சீமையிலே' என்னும் பாட்டின் மெட்டே அது. இசை அமைத்தவர் இளையராஜா. சொற்களை எழுதியவர் புலமைப்பித்தன். தூத்துக்குடியிலிருந்து தப்பி ஓடிவந்த சிறுவன் ஒருவன் பம்பாய்த் தாராவியில் வளர்ந்து பெரியவனாகும் கதை அப்படம். அதில் காணும் தாராவித் தெருக்களுள் பலவற்றைக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையிலேயே செயற்கையாக அமைத்தார். இதைத் தாராவிவாசிகளிடம் சொன்னால் அவர்களுள் சிலர் இன்றும் நம்ப மறுக்கிறார்கள்!

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இப்பாட்டுக்குத் தனி உரிமை உண்டு. பெயரில் மாட்டுங்கா இருப்பினும் அவ்விடம் தாராவியைச் சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் மூன்றாம் தலைமுறையும் நான்காம் தலைமுறையும் அங்கே வாழ்கின்றன. சென்ற பொங்கலுக்கு முன்னாள் மாலை, அங்கே நமக்குப் பழக்கமான ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். வாசலில் மறுநாளைக்கு வேண்டிய புதுப் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரே அறை. அதன் மூலையில், இரும்புக் கட்டிலின்மேல் மின்சாரக் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வீட்டுப் பிள்ளை அமர்ந்திருந்தான். கல்லூரியில் படிப்பவன், மாஹிமில் ஒரு கோவா ஆசிரியரிடம் பியானோ பயில்கிறவன். நம்மைக் கண்டதும் இப்பாட்டின் மெட்டை வாசித்துக் காட்டினான். முதல் முறை நாம் அறிந்தவாறே வாசித்தான். இரண்டாம் முறை, "இது ஜாஸ்" என்று சொல்லிவிட்டு வாசித்தான். வலக்கையில் அதே மெட்டு ஓடிற்று. இடக்கையிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு புதுக் கூட்டு வந்து விழுந்தது.

அடுப்பருகே அமர்ந்திருந்த அவனுடைய பாட்டியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏய்யா, பாட்டு அந்தப் பாட்டுதான். ஆனா அதுல இருந்த அழுகையை எங்கய்யா கொண்டு வச்ச?" என்றார்.

"மெட்டுல ஒரு சுரங்கூட மாத்தல, ஆச்சி" என்றான் பேரன்.

இருவர் சொன்னதும் உண்மை. ஒரு சுரமும் மாறாதிருக்க, பாட்டின் உணர்ச்சி மட்டும் எவ்வாறு மாறிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

நம் சங்கீதத்தில் தம்புரா ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் இடைவிடாது ஒலித்துக்கொண்டிருக்கும். பாடகர் எங்கு சென்றாலும், எவ்வளவு தூரம் சஞ்சரித்தாலும், அடியில் உள்ள தரை அசைவதில்லை. ஷட்ஜத்துக்கு வந்து சேர்ந்தால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது போன்ற அமைதி பிறக்கிறது. மேனாட்டு முறையில் அவ்வாறன்று. மெட்டுக்கு அடியில் மூன்றோ நான்கோ சுரங்களைச் சேர்த்து ஒருங்கே ஒலிக்கும் கூட்டு ஒன்று உண்டு. அதனைக் 'கார்டு' என்று நம் பாண்டு வாத்தியக்காரர்களும் வழங்குவர். அக்கூட்டு மாறும்போதெல்லாம் மெட்டு நிற்கும் தரையும் மாறுகிறது.

பாட்டின் ஓர் அடி ஷட்ஜத்தில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அடியில் ச, சாதாரண காந்தாரம், ப ஆகிய மூன்றையும் ஒலித்தால், மைனர் என்று மேனாட்டார் கூறும் சோகச் சாயலில் மெட்டு தன் வீட்டிலேயே நிற்கிறது. அதே ஷட்ஜத்தின் அடியில் சுத்த மத்யமத்தை அடியாக வைத்து ம, த, ச என்று ஒலித்தால், ஷட்ஜம் அங்கே வீட்டுக்காரன் அல்லன், ஐந்தாம் இடத்து விருந்தாளி. சுத்த தைவதத்தை அடியாக வைத்து த, ச, க, ப என்று நான்கையும் ஒலித்தால், அச்சுரமே மூன்றாம் இடத்துக்கு வந்து, கனவில் கேட்பதுபோல் மென்மையாகிவிடுகிறது. கைசிகி நிஷாதத்தை அடியாக வைத்து நி, ரி, ம, த என்று அடுக்கினால், அதே ஷட்ஜம் ஒன்பதாம் இடத்தில், எங்கோ புறப்படத் துடிக்கும் சுரமாகத் தொங்கி நிற்கிறது. பாடியவர் ஒரே ஒரு சுரத்தைத்தான் பாடினார்; கேட்டவர் காதில் அது நான்கு விதமாக விழுந்தது. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு இக்கூட்டுகளை மாற்றி அமைப்பதையே ஜாஸ் பியானோக்காரர் பெருங்கலையாக வளர்த்திருக்கின்றனர்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. கிரக பேதம் என்பதைச் சங்கீதம் பயின்றோர் அறிவர். மோகனத்தின் ஐந்து சுரங்களையே எடுத்துக்கொண்டு, ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் மத்தியமாவதி. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. சுரங்கள் அவையே, ஆதாரந்தான் வேறு. நம் வித்வான்கள் கச்சேரியில் இதைச் சிறிது நேரம் காட்டிவிட்டுச் சபையின் கரகோஷத்துடன் பழைய ஆதாரத்துக்கே திரும்பிவிடுவர். ஜாஸ் பியானோக்காரரோ ஒவ்வோர் அடியிலும், சில வேளைகளில் ஒவ்வொரு சொல்லிலும் ஆதாரத்தைப் பெயர்ப்பார்.

அவர்கள் கையாளும் உபாயம் ஒன்றை மட்டும் சொல்லி அப்பால் செல்வோம். பஞ்சமத்தை அடியாகக் கொண்ட ப, நி, ரி, ம என்னும் கூட்டு, கேட்டவுடனே ஷட்ஜத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது. அத்தவிப்புக்குக் காரணம் அதிலுள்ள காகலி நிஷாதமும் சுத்த மத்யமமுமே. இனி, சுத்த ரிஷபத்தை அடியாகக் கொண்டு சுத்த மத்யமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் என்று அடுக்கிப் பாருங்கள். அதே நிஷாதமும் மத்யமமும் இங்கேயும் உள்ளன! ஆகவே முதற் கூட்டு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டாவதை வைத்தாலும் தவிப்பு அப்படியே இருக்கும். ஆயின் அடிச் சுரம் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்குத் தாவாமல், சுத்த ரிஷபத்திலிருந்து அரைப்படி நழுவி இறங்கும். மாயாமாளவகௌளையில் ரிஷபம் ஷட்ஜத்தை நாடும் நயத்தை அறிந்த செவிக்கு இது எளிதில் பிடிபடும் என்பது நம் அபிப்பிராயம்.

மும்பைக்கு இவ்வித்தை எவ்வாறு வந்தது? 1930-களில் தாஜ் ஓட்டலில் டெடி வெதர்ஃபோர்டு என்னும் அமெரிக்க நீக்ரோ பியானோ வித்தகர் வாசித்தார். அவர் 1945-இல் கல்கத்தாவில் காலமானார். அத்தகைய வாத்தியக் குழுக்களைக் கேட்டும், அவற்றில் சேர்ந்து வாசித்தும் இக்கலையைப் பெற்றவர்கள் கோவாக்காரர்கள். தேவாலயங்களை ஒட்டிய பள்ளிகளில் மேனாட்டு இசைக்குறியீட்டைப் படித்துவிட்டு, வேலை தேடிப் பம்பாய்க்கு வந்தவர்கள். தோபி தலாவ் வட்டாரத்தில் ஊருக்கொரு சங்கம் அமைத்து ஒரே கூரையின்கீழ் பலராகத் தங்கியவர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களின் வரலாற்றுக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை. பகலில் ஸ்டூடியோவில் இந்திப் படங்களுக்கு வாசித்தனர். இரவில் ஓட்டல்களில் ஜாஸ் வாசித்தனர். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்ட, அதற்குரிய கூட்டுகளை எழுதிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. படத்தின் பெயர்ப் பட்டியலில் இவர்கள் பெயர் காண்பது அரிது.

1951-இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தின் துள்ளும் பாட்டுகளில் ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட்டின் பங்கு பெரிது. அப்படத்துக்கு இசையமைத்த சி. ராமச்சந்திரா, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் 'வனமோகினி' என்ற தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர் என்பது தமிழர்களாகிய நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. 1968-இல் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர் இராகங்களை ஜாஸ் முறையில் அமைத்து ஓர் இசைத்தட்டே வெளியிட்டனர். ரயீஸ் கான் சிதார் வாசித்த அத்தட்டில் பியானோ வாசித்தவர் லூசிலா பசேகோ என்னும் பெண்மணி.

திரைப்பட மெட்டை ஜாஸ் பியானோவில் மாற்றி அமைப்பது உலகெங்கும் உள்ள வழக்கமே. 1937-இல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தில், இளவரசன் என்றேனும் வருவான் என்று அச்சிறுபெண் பாடும் பாட்டைப் பில் எவன்ஸ் என்ற பியானோக் கலைஞர் 1959-இல் பதிவு செய்தார். குழந்தைகளுக்கான பாட்டு, முதிர்ந்தவர் ஒருவரின் ஏக்கமாக அங்கே மாறிற்று. 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படம் ஒன்றுக்காக ஜோசப் கோஸ்மா அமைத்த உதிர்ந்த இலைகளின் பாட்டும் அதே தட்டில் உண்டு. கோஸ்மாவும் ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் குடியேறியவரே. நம்மவர் என்று சொல்ல வேண்டுமாயின், 1971-இல் அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விஜய் ஐயர், மைக்கேல் ஜாக்சன் பாடிய பாட்டு ஒன்றை இவ்வாறு தனிப் பியானோவில் அமைத்து 2010-இல் வெளியிட்டார். அது திரைப்பாட்டன்று, எனினும் எல்லோர் வாயிலும் புழங்கிய பாட்டு.

இதனை ஏற்காதோர் கூறும் தடையும் அற்பமானதன்று. பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் அசையாது நிற்பவை. கமகத்துக்கு அங்கே இடமில்லை. இக்குறையைக் காரணம் காட்டியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. அசையும் சுரத்தை அசையாக் கட்டையில் வைத்து, அதன் அடியில் நாலு சுரங்களையும் அடுக்கினால் இராகம் என்னாகும் என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் முழு விடை இல்லை. தோடி ஆலாபனைக்கு அடியில் கார்டு வைப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஆயின் தென்பாண்டி மெட்டின் நிலை வேறு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற இளையராஜா அதனைப் படைத்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கலந்தது போன்ற நாட்டுப்புற மெட்டு அது; அதனைக் கூட்டிசையின் நடுவே வைத்தவரும் அவரே. பியானோக்காரர் இராகத்தோடு வழக்காடவில்லை, இசையமைப்பாளரோடு வழக்காடுகிறார். அவ்வழக்கில் வெல்வது எளிதன்று.

மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் பழைய வடிவத்தில் புதியதை வைக்கும் பழக்கமும் உண்டு. மராட்டிய மக்கள் கவிஞர் அண்ணா பாவ் சாத்தே ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தவர். லாவணி, போவாடா என்னும் பழைய பாட்டு வடிவங்களில் ஆலைத் தொழிலாளரின் துன்பத்தைப் பாடியவர். அவர் சொல்லை மாற்றினார். நம் இளைஞன் தரையை மாற்றினான்.

அப்படியானால் ஆச்சி சொன்ன அழுகை எங்கே போயிற்று? ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வோர் அடியின் முடிவிலும் குரல் கீழே இறங்கி, அடிச் சுரத்தில் ஒரு மூச்சு அமர்ந்து, பின்னரே எழும். அவ்வாறு அமர்வதற்கு ஓர் இடம் வேண்டும். பேரன் அடிக்கு அடி தரையைப் பெயர்த்துவிட்டான். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் துக்கம் உட்காருவதற்கு ஒரு திண்ணைகூட மிச்சமில்லை. கற்றதனைத்தையும் ஒரே பாட்டில் இறக்கிவிட வேண்டும் என்ற அவா இளமைக்கு இயல்பு. நாமும் மேடைப் பேச்சில் அத்தவற்றைச் செய்திருக்கிறோம்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சற்று நேரம் கட்டைகளைத் தொடாமல் இருந்தான். பிறகு மூன்றாம் முறை வாசித்தான். இம்முறை இடக்கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே, தம்புராவைப்போல். முதல் இரண்டு அடிகளும் வெறுந்தரையில் நடந்து சென்றன. அடிபட்ட பிள்ளையிடம் யார் அடித்தது என்று பாட்டு கேட்கிறதல்லவா? அந்த ஓர் இடத்தில் மட்டும் கூட்டை மாற்றினான். மெட்டின் சுரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அடியிலுள்ள கூட்டோ வராமல் வாசலிலேயே நின்றுவிட்டது. பியானோவில் அவ்வாறு நின்றபோது, அக்கேள்விக்குப் படம் முடியும் வரையில் விடை இல்லை என்பது நமக்கு நினைவு வந்தது.

ஆச்சி நன்று என்றும் சொல்லவில்லை, தீது என்றும் சொல்லவில்லை. "அந்த எடத்துல இன்னுங் கொஞ்சம் நிப்பாட்டுய்யா" என்றார். அப்போது மின்சார ரயில் ஒன்று பேரிரைச்சலுடன் கடந்து சென்றது. அது ஓயும்வரை பொறுத்திருந்து, பேரன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.