கால் கட்டைவிரலில் தீப்பிடித்தாற்போல் ஒரு வலி
(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச வரவில்லை. கால் கட்டைவிரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த விரலில் வலி வந்து ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பார்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வலி வருகிற விதத்தைக் கவனியுங்கள். பகலெல்லாம் நன்றாகத்தான் இருப்பான். நடுநிசியிலோ விடியற்காலையிலோ திடுக்கிட்டு எழுவான். கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் அடுப்புச் சட்டியைப் போலச் சுடும். போர்த்தியிருக்கும் வேட்டி உராய்ந்தாலும் உயிர் போகும். ஒரு நாளைக்குள் வலி உச்சத்துக்கு ஏறிவிடும். வைத்தியமே செய்யாவிட்டாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானே வடிந்துவிடும். இந்த வடிதலில்தான் ஏமாந்து போகிறோம். “சுளுக்குத்தான், சரியாகிவிட்டது” என்று இருந்துவிடுகிறோம். சில மாதம் கழித்து மறுபடி வரும். அடுத்த முறை கணுக்காலிலோ முழங்காலிலோ வரலாம்.

இதற்குக் கௌட் என்று பெயர். கீல்வாதத்தில் ஒரு வகை. காரணம் யூரிக் அமிலம். உடம்பின் அணுக்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போதும், சில உணவுகள் செரிக்கும்போதும் இது உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேறாமல் தேங்கி, 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது ஊசி ஊசியான உப்பாக மூட்டில் படியத் தொடங்குகிறது. குளிர்ந்த இடத்தில் சுலபமாகப் படியும். உடம்பின் கோடியிலே குளிர்ந்து கிடக்கும் கால்விரலை அது முதலில் பிடிப்பது அதனால்தான்.

“அது ராஜாக்களுக்கு வரும் நோய், நமக்கேன்?” என்று கேட்கலாம். ஐரோப்பாவில் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் 1859-ல் லண்டன் டாக்டர் ஆல்பிரட் பேரிங் காராட் இந்த நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆஸ்பத்திரியில் தம்மிடம் வந்த நோயாளிகளில் கணிசமானோர் ஈயத்தோடு மல்லுக்கட்டிய குழாய்த் தொழிலாளரும் வர்ணம் பூசுவோரும் என்று அதில் காட்டினார். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றாது. பழைய பாட்டரி உடைக்கிற பட்டறைத் தோழர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

நமக்கு வேறொரு காரணமும் உண்டு: தண்ணீர். ஸ்பின்னிங் பகுதியின் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றாலும், சித்திரை வெயிலில் வரப்பு வெட்டினாலும் உடம்பு நீர் வற்றிப் போகிறது. அதோடு சாயங்காலம் பீரும் பிராந்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆட்டு ஈரல், மண்ணீரல், நெத்திலி, மத்தி, சர்க்கரை போட்ட சோடா எல்லாம் கூட்டும். ஆனால் பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 47,000-க்கு மேற்பட்ட ஆண்களைப் 12 ஆண்டு கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பருப்பு வகையால் இந்த நோய் கூடவில்லை என்றே கண்டார்கள். பால், மோர் சாப்பிட்டவருக்குக் குறைந்தது. ஏழையின் தட்டில் இருக்கிற ஒரே சத்தைப் பறிக்கிற பத்தியம் என்ன பத்தியம்?

வலி வந்த இரவில் என்ன செய்வது? எண்ணெய் போட்டு உருவி வழிக்காதீர்கள். காலை உயரத்தில் வைத்து, பானைத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போடுங்கள். தண்ணீர் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் வலி அடங்கும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. மூட்டு வீங்கியதோடு குளிர்நடுக்கமும் காய்ச்சலும் கண்டால் அது கௌட் இல்லாமல், மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சீழாக இருந்தால் சில நாளில் மூட்டே அழியும், உயிருக்கும் ஆபத்து. முள் குத்திய காலானாலும், சர்க்கரை வியாதிக்காரர் காலானாலும் இரட்டைச் சந்தேகம் கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் பயப்படாதீர்கள். சந்தேகத்தைத் தீர்க்கிற சோதனை அதுதான். வலி நேரத்தில் ரத்தச் சோதனையில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதாகக் காட்டினாலும் கௌட் இல்லை என்று ஆகிவிடாது. அடங்கிய இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோழர்களுக்குக் கண்வலிக்கிழங்கு தெரியும். அதன் பூவான செங்காந்தள்தான் நம் மாநில மலர். அந்த விதையை ஏற்றுமதி செய்கிறார்களே, எதற்கு? அதிலிருந்துதான் இந்த நோய்க்கான கோல்சிசின் மருந்து எடுக்கிறார்கள். நம் கூலிப் பெண்கள் பறித்த விதை மாத்திரையாகிறது. அதற்காக “மருந்து வீட்டிலேயே இருக்கிறதே” என்று கிழங்கையோ விதையையோ அரைத்துக் குடித்துவிடாதீர்கள்! மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இங்கே மயிரிழைதான் இடைவெளி. குடித்தவருக்கு முதலில் வாந்தி, பேதி. பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மாத்திரையைக்கூட டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றும் கூட்டக் கூடாது.

அடிக்கடி வருகிறவருக்கு அல்லோபுரினால் என்ற மாத்திரை உண்டு. இதைக் கண்டுபிடித்த கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இது வலியை அடக்குகிற மருந்தல்ல. யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே வைத்திருக்கிற மருந்து. தினமும் சாப்பிட வேண்டும். வலி இல்லை என்று நிறுத்தினால் பழைய கதைதான். தொடங்கியபின் உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓடுங்கள்.

கடைசியாக மில் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கால் விரலுக்கா லீவு என்று மேஸ்திரி கிண்டல் செய்வார். முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்குங்கள். சந்தா நாட்கள் சரியாக இருந்தால் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதம் கிடைக்கும். வலி தீர்ந்தபின் போய்ச் சர்ட்டிபிகேட் கேட்டால் டாக்டருக்குக் காட்ட வீக்கம் இருக்காது. விவசாயத் தோழர்களுக்கு அந்த உதவி இல்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்குக் காசு இல்லை. வலி உள்ளபோதே காலைக் காட்டிவிடுங்கள்.